வண்டியை விற்றவன் மகளுக்கு எழுதுவது

கோமதி,

கடிதம் என்றால் 'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பிக்க வேண்டும். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. உன் நலத்தை விசாரிக்கவும் முகமில்லை. அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் போடும் தபாலை உன் மாமனார் பிரித்துப் படித்து, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உன்னிடம் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். சம்பந்தி, தாராளமாகப் படியுங்கள். சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதியிலும் நின்று படித்துக் காட்டுங்கள். இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நானே வாசித்துக் காட்டத்தான் போகிறேன். வளைகாப்பு முடிந்த பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவரப் போன தாயும் தகப்பனும் வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பிய கதை எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அரைகுறையாகத் தெரிந்து ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைப்பதைவிட முழுசாகத் தெரியட்டும்.

எனக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆபீஸ் விட்டால் வீடு, ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி. இந்த ஒரு பைத்தியம்தான். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போன பிக்கப் வண்டி அது. ஓல்டு டவுனில் ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி அதில் மூட்டை அடித்து அடித்து அதன் உயிரை எடுத்துவிட்டு, கிட்டங்கிக்குப் பின்னால் உப்புக்காற்றில் போட்டு வைத்திருந்தார். ஜோடி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நம் கொல்லையில் நிறுத்தினேன். தரைத் தகடு முழுவதும் துருவேறி, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் கீழே மண் தெரிந்தது. உன் அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "பேயைக் காசு குடுத்து வாங்கிக்கினு வந்திருக்கீங்களே, இதுக்கு யாரு படையல் போடறது?" என்று கேட்டாள். நீ அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, மேலே படிக்க வைப்பேனா மாட்டேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். நான் படிக்க வைக்கவில்லை. அந்த வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் எட்டிப் பார்த்தாய். "அப்பா, சேஸிஸ் நல்லாத்தான் இருக்குது. மேலதான் போச்சு" என்றாய். வண்டியின் அடிச்சட்டத்துக்குச் சேஸிஸ் என்று பெயர் என்பதை உனக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வண்டியைப் பொறுத்தவரை நான் தகடு வேலைக்காரன். துருவைச் சுரண்டுவது, ஒட்டுப் போடுவது, பட்டி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, இவ்வளவுதான் எனக்கு வரும். என்ஜின் உன்னுடையதாக ஆனது. கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி, கழற்றிய வரிசையிலேயே மறுபடி பூட்டுவாய். நான் அவசரப்பட்டு ஒன்றைக் கையிலெடுத்தால், "வைங்கப்பா அதை, நீங்க போயி கதவைத் தேயுங்க" என்று விரட்டுவாய். பெற்ற அப்பனை இப்படி விரட்டுகிற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த என்ஜின் முதன்முதலாக உயிர் பிடித்த மத்தியானம், கொல்லை முழுக்கக் கரும்புகை. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் பாழ். அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். உன் அம்மா அவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போய், பாதியிலேயே சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அதோடு நிறுத்தினோமா? பின்னாலே மூட்டை ஏற்றும் இடத்தில் மரச்சட்டம் கட்டி, கூரை போட்டு, ஜன்னல் வைத்து, மடக்கிப் படுக்கிற பலகை இரண்டு பொருத்தினோம். வீடே வண்டியில் வரும், போகிற இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம், கோடிக்கரை வரை போய்வரலாம் என்று நீதான் ஆசை காட்டினாய். பேய் என்று சொன்ன உன் அம்மாவே ஜன்னலுக்குப் பூப்போட்ட சீட்டித் துணியில் திரை தைத்துக் கொடுத்தாள். ஸ்டவ் வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று முழம் போட்டு அளந்தாள். கோடிக்கரைக்கு நாம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குறிஞ்சிப்பாடி வரை, நெல்லிக்குப்பம் வரை போய்த் திரும்பினோம். அமெரிக்கா வண்டி ஆனதால் ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் ஒரு கரும்பு வண்டி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்து நீ தலையை நீட்டிப் பார்த்து, "போங்கப்பா" என்பாய். போவேன். "இருங்க" என்பாய். இருப்பேன். என் கண்ணுக்குத் தெரியாத ரோட்டில் உன் வாய்வார்த்தையை நம்பி அத்தனை தூரம் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாளும் எனக்குப் பயம் வந்ததில்லை.

கல்யாணம் நிச்சயமானபோது அப்பன் என்ற முறையில் உனக்கு ஒரு புத்தி சொன்னேன். புகுந்த வீட்டில் எது இறுகிப் போயிருந்தாலும் அடித்துத் திருப்பாதே, துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருப்பது மாதிரிக் காத்திரு, தானாக இளகும் என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! சில நட்டு இளகவே இளகாது, கோமதி. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். பட்டறை வைத்திருக்கிறவனுக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயத்தை நான் ஏன் உனக்குச் சொல்லாமல் விட்டேன் என்று இப்போது நினைத்து நினைத்து மாய்ந்து போகிறேன்.

வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மற்ற அப்பன்மார் மாதிரி நானும் ரயிலேறி வந்திருக்கலாம். எனக்குத்தான் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. உன் வண்டியிலேயே உன்னை அழைத்து வர வேண்டும், நீ அசந்தால் பலகையை விரித்துப் படுத்துக்கொண்டு வரலாம், இதைவிடப் பெரிய மரியாதை ஒரு பெண்ணுக்கு உண்டா என்று நினைத்தேன். புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்து, முன்னால் மாவிலையும் பூச்சரமும் கட்டி, சீர்த்தட்டுகளை உள்ளே அடுக்கிக்கொண்டு உன் அம்மாவோடு கிளம்பினேன். வலது பக்கம் உட்கார்ந்த உன் அம்மா, எதிரே ஏதாவது வருகிறதா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டாள். ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னாலேயே புவனகிரி வரை ஊர்ந்து வந்தேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போதே என்ஜின் விட்டு விட்டு இரைந்தது. வீட்டோடு சேர்ந்த உங்கள் ஜவுளிக்கடை வாசலில் வந்து நின்றதும் கடைப் பையன்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். உன் மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரையை விலக்கிப் பார்த்தார். "இன்னாங்க சம்மந்தி, சர்க்கஸ் கூண்டு கொண்டாந்திருக்கீங்க? சிங்கம் எங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவர் அந்தச் சிரிப்போடு விட்டிருப்பார் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சீர்த்தட்டை உள்ளே வாங்கிக்கொண்டார்கள், சாப்பாடு போட்டார்கள், வெற்றிலை கொடுத்தார்கள். உன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வண்டி கிளம்பவில்லை. நான் முறுக்குகிறேன், இருமுகிறது, அணைகிறது. தெருவே கூடிவிட்டது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக உள்ளே உட்கார்ந்திருந்த நீ, அந்த இருமலைக் கேட்ட மாத்திரத்தில் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாய். "பாயிண்ட்டு கருகியிருக்குதுப்பா" என்று இறங்கி வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றினாய். என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட்டின் கரியைத் தேய்க்கச் சொரசொரப்பாக ஏதாவது வேண்டும். தலையைக்கூடத் தூக்காமல் பக்கத்தில் நின்ற உன் புருஷனிடம் கையை நீட்டி, "தீப்பெட்டி குடுங்க" என்றாய். மாப்பிள்ளையும் வெள்ளந்தியாகச் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். கூடவே சிகரெட் பாக்கெட்டும் வந்து கீழே விழுந்தது.

தன் பிள்ளை வெற்றிலைகூடப் போடாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கடைப் பையன்கள் முன்னால், தெருவில் போகிறவர்கள் முன்னால் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ மட்டும் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து, பாயிண்ட்டைத் தேய்த்து, மூடியைப் பூட்டி, "இப்ப போடுங்கப்பா" என்றாய். ஒரே முறுக்கில் கிளம்பியது. வாழ்க்கையில் அவ்வளவு அழகாக அந்த என்ஜின் ஓடி நான் கேட்டதில்லை. உன் மாமனார் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னைப் பார்த்து, "உள்ள போ" என்றார். என்னைப் பார்த்து, "கொல்லன் பட்டறையில வளர்ந்த பொண்ணுன்னு நீங்க மொதல்லியே சொல்லியிருக்கணும். நாங்க அனுப்பறப்ப சொல்லி அனுப்பறோம். நீங்க போயிட்டு வாங்க" என்றார். கரி படிந்த கையோடு நீ உள்ளே போனாய். சீர்த்தட்டு உங்கள் வீட்டில், பெண்ணும் உங்கள் வீட்டில், நானும் உன் அம்மாவும் வண்டியில்.

சொல்லி அனுப்பவில்லை. தலைதீபாவளிக்கும் அனுப்பவில்லை. பொங்கலுக்கு வரிசை வைக்க வந்தபோது காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடுங்கப்பா" என்றாய். பக்கத்தில் உன் மாமியார் இருந்தார். நான் என்ன கேட்க முடியும்? நீ மெலிந்திருப்பதை உன் அம்மா பார்த்தாள். நான் உன் கையைப் பார்த்தேன். அதில் எண்ணெய்க் கறை போய், பாத்திரம் தேய்த்த கரிதான் இருந்தது. நீ முழுகாமல் இருக்கிறாய் என்ற செய்தி வந்தபோது, இனியாவது மனசு இரங்குவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் கோயில் கோயிலாக ஏறி இறங்கினோம்.

சித்திரையில் உன் மாமனார் கோர்ட்டு வேலையாகக் கடலூர் வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். நேரே கொல்லைக்குப் போய் வண்டி முன்னால் நின்றார். "இந்தச் சனியன் இங்க நிக்கிற வரைக்கும் எங்க மருமவ இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. இதைத் தொலைச்சுட்டு, இனிமே இந்த வேலையே வாணாம்னு விட்டுட்டு, கவுரதையா பஸ்ஸுல வந்து வளைகாப்பு போட்டு கூட்டிக்கினு போங்க" என்றார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும், நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், அதற்கு முன்னால் ஓட்டை வண்டி என்ன பெரிய வண்டி? அந்த வாரமே நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். ஸ்பானர்களையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். வண்டி போன அன்று உன் அம்மா உடைந்து போனாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. உன்னை மீட்டுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன், அதுதான் உண்மை.

வளைகாப்பு அன்று கை நிறைய வளையலோடு, முகமெல்லாம் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாய். ஊர்ப் பெண்கள் பாட்டுப் பாடி முடித்து, மடி நிரப்பி, கிளம்பும் நேரம் வந்தது. வாசல் வரை வந்து தெருவைப் பார்த்தாய். "வண்டி எங்கப்பா?" என்றாய். "பஸ்ஸுலதாம்மா வந்தோம்" என்றேன். "ரிப்பேரா?" என்றாய். உன் மாமனார்தான் பின்னாலிருந்து, "வித்துட்டாரு. இப்பதான் புத்தி வந்துச்சு" என்றார். நீ அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாய்.

"நெசமாவாப்பா?"

"உனக்காகத்தாம்மா."

"நான் கேட்டனா?" என்றாய். அப்புறம் நீ சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். உன் மாமனார் அன்று காதால் கேட்டதை இன்று வாயால் வாசிக்கட்டும். "ஆடியிலேருந்து தெனமும் கேக்கறாங்கப்பா. 'எங்க அப்பா என்னைத் தப்பா வளர்த்துட்டாரு, இனிமே செய்ய மாட்டேன்'னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு ஊருக்குப் போன்னாங்க. ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தா தீபாவளிக்கே வந்திருப்பேன். நான் சொல்லல. தனியா சாப்பிட்டேன், வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்ச்சேன், சொல்லல. நீங்க வண்டியை வித்து ஒரே நாள்ல அதைச் சொல்லிட்டு வந்து நிக்கறீங்க. நான் எதுக்குப்பா இத்தினி நாளா நின்னேன்?"

உள்ளே போய்விட்டாய். உன் அம்மா உன் பின்னாலேயே ஓடிக் கதவைத் தட்டினாள். உன் மாமனார் இரண்டு கையையும் விரித்து, "பார்த்துக்குங்க ஜனங்களே, நாங்க அனுப்பறோம், அவதான் போவமாட்டேங்குறா" என்றார். அவர் சொன்னது முழுக்க நிஜம். அதுதான் என்னைக் கொல்கிறது. மாப்பிள்ளை மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "நான் சொல்லிப் பார்க்கறேன் மாமா" என்றார். பாவம், அவர் எதைச் சொல்லி, யார் கேட்பது?

எனக்குத் தெரியாது கோமதி. அவர்கள் அனுப்ப மறுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீ எனக்காக மறுத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உன் மெலிந்த முகத்தைப் பார்த்த பிறகு, தெரிந்திருந்தாலும் விற்றிருப்பேனோ என்னவோ. அப்பனாக இருக்கிறவன் புத்தி அப்படித்தான் போகிறது. நீ மானத்தைப் பார்த்தாய், நான் உன் உயிரைப் பார்த்தேன். இதில் எது சரி என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இனிமேல் உனக்கு நான் புத்தி சொல்வதாகவும் இல்லை. வெந்நீர் அடுப்பில் குனியாதே, குடம் தூக்காதே என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். அது அவள் சொல்வது. அதை மட்டும் கேள்.

திருப்பி வாங்கிவிடலாம் என்று நெல்லிக்குப்பம் போனேன். அந்த மனிதர் நல்லவர், இளநீர் வெட்டிக் கொடுத்து உட்காரவைத்தார். என்ஜினை இறக்கி மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டாராம். பின் அச்சையும் சக்கரத்தையும் எடுத்து டயர் மாட்டுவண்டி செய்துவிட்டார். "மரச்சக்கரத்தை விட ஜாஸ்தி பாரம் தாங்குதுங்க, மாட்டுக்கும் நோவு இல்ல" என்று தட்டிக் காட்டினார். நாம் கட்டிய மரக்கூண்டு கரும்புக் கொல்லைக்கு நடுவில் காவல் கொட்டாயாக நிற்கிறது. முகப்பையும் கதவையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாராம். எதை விலைக்குக் கேட்பது? யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், உன் பிரசவத்துக்கென்று உன் அம்மா பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, பழம்புடவைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்த அறையில் கட்டிலைக் காணோம். அவள் உள்ளே விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மழை வந்தால் நனையும் என்றாள். நான், "அந்த ரூம்பை விட்டு வை. அவ வருவா" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாருகிட்ட வருவா?" என்று கேட்டாள். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வெளியே கிடந்த விறகை நானும் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அப்பா